பிள்ளைப்பூச்சியும் நாணலும்

சின்ன மாமாவைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு வந்தால் கொஞ்ச நேரத்திலேயே "பிள்ளைப்பூச்சி" என்ற சொல்லும் வந்துவிடும். யாரும் அதைத் திட்டாக நினைத்துச் சொல்வதில்லை. "அவன் பாவம், பிள்ளைப்பூச்சி" என்று அம்மாவே சொல்வார். அந்தக் குரலில் பாசமும் இருக்கும், இளக்காரமும் இருக்கும். எது எவ்வளவு என்று அம்மாவுக்கே தெரியாது. மயிலாடுதுறைப் பக்கம் தாத்தா கட்டிய வீட்டில் தன் பங்கு வேண்டாம் என்று மாமா விடுதலைப் பத்திரம் எழுதி, முழுவதையும் பெரிய மாமாவுக்கே விட்டுக்கொடுத்த பிறகு அந்தச் சொல்லின் புழக்கம் கூடிவிட்டது. பதிவு அலுவலகத்திலிருந்து எல்லோரும் திரும்பிய அன்று, காப்பி ஆறுவதற்குள் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். சித்தி "பூம்பூம் மாடு" என்றார். மாப்பிள்ளை முறை உள்ள ஒருவர் "மண்புழு" என்றார். கூடத்து மூலையிலிருந்து "வாழைமட்டை" என்று ஒரு குரல். மாமா அப்போது திண்ணையில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு அந்த வீட்டின் மேல் பெரிய ஆசை எதுவும் கிடையாது. மழைக்கு ஒழுகும், கொல்லைப்பக்கச் சுவர் பாதி விழுந்தாயிற்று. மனதில் மாட்டிக்கொண்டது அந்தப் பெயர்கள்தான். ஒரு மனிதருக்கு 'மாட்டேன்' என்று சொல்ல வரவில்லை என்பதைச் சொல்ல நமக்கு ஏன் இத்தனை பூச்சியும் மாடும் மட்டையும் தேவைப்படுகின்றன? அந்தப் பூச்சியும் மாடும் உண்மையிலேயே அப்படித்தானா? இது வெட்டிக் கேள்வி என்று தெரியும். ஆனாலும் விடவில்லை.

பூச்சியை யாராவது பார்த்தார்களா

பிள்ளைப்பூச்சி என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று எனக்குச் சந்தேகம். ஈர மண்ணில், வயல் வரப்பில், தென்னம்பாத்தியில் இருக்கும் பழுப்பு நிறப் பூச்சி. உடம்பெல்லாம் மெல்லிய வெல்வெட் ரோமம். மழைக்காலத்து ராத்திரிகளில் விளக்கு வெளிச்சத்துக்குப் பறந்து வந்து பொத்தென்று விழும். கொட்டாது, சீறாது, கையில் எடுத்தால் கடிக்கவும் வராது. அதனால்தான் அதற்குச் சாது என்ற பெயர். அடங்கிக் கிடந்தவன் திடீரென்று எதிர்த்துப் பேசினால் "பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு முளைச்ச மாதிரி" என்பார்கள். அதாவது அதற்குக் கொடுக்கு இருக்கவே கூடாது, முளைத்தால் அது இயற்கைக்கு விரோதம்.

ஆனால் அதை ஒரு முறை கைக்குள் மூடிப் பிடித்துப் பார்க்க வேண்டும். முன்னங்கால்கள் இரண்டும் அகன்று, பல் வைத்து, மண் தோண்டுவதற்கென்றே அமைந்தவை. மூடிய விரல்களை அவற்றால் நெம்பி, இடுக்கில் தலையை நுழைத்து வெளியே வந்துவிடும். அத்தனை சிறிய உடம்புக்கு அந்த வலு நம்ப முடியாதது. மண்ணுக்கடியில் சுரங்கம் சுரங்கமாகப் போகும், போகிற வழியில் நாற்றின் வேரைக் கத்தரிக்கும். வரப்பில் அது போட்ட ஓட்டையால் தண்ணீர் அடுத்த வயலுக்குக் கசிந்து, பங்காளிகளுக்குள் வாய்ச்சண்டை வந்த கதைகள் எங்கள் பக்கம் உண்டு. ஆண் பூச்சி தன் வளையின் வாயைக் கொம்பு வாத்தியத்தின் வாய் மாதிரி விரித்துக் கட்டி, அதற்குள் உட்கார்ந்து இறக்கையை உரசிப் பாடும். வளையின் அந்த வடிவம் சத்தத்தைப் பெருக்கிவிடுகிறது. ராத்திரி வயல்பக்கம் கேட்கும் நீளமான ரீங்காரம் பல சமயம் இந்த 'வாயில்லாப் பூச்சி'யுடையதுதான்.

இன்னொரு விஷயம் கொஞ்சம் கடுமையானது. கம்பெனி ஆட்சியில் சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று புகார் கிளம்பி, அதை விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். 1855-இல் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. ஆளைக் குனியவைத்துக் கயிற்றால் கட்டிப்போடும் அண்ணாந்தாள், கைவிரல்களை மரச்சட்டத்துக்குள் நசுக்கும் கிட்டி என்று அதில் ஒரு வரிசையே இருக்கிறது. அந்த வரிசையில் குடையும் பூச்சியைத் தொப்புளில் விட்டு, மேலே கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து மூடிவிடுவதும் ஒன்று. அந்தப் பூச்சி பிள்ளைப்பூச்சிதான் என்று ஊர்ப்பக்கப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வெளியே போக வழியில்லாமல் மூடினால், அது தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்யும், தோண்டும். இதைப் படித்த பிறகு "பிள்ளைப்பூச்சி மாதிரி ஆள்" என்று யாராவது சொன்னால், எந்தப் பிள்ளைப்பூச்சி என்று கேட்கத் தோன்றுகிறது. விளக்கடியில் விழுந்து கிடப்பதா, கொட்டாங்குச்சிக்குள் இருப்பதா?

உள்ளே வைரமா, வெளியே வைரமா

செடிகொடி விஷயத்தில் நம் ஆட்கள் இன்னும் நுணுக்கம். உறுதி எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் தொல்காப்பியத்து மரபியல் தாவரங்களையே பிரிக்கிறது. காழ், அதாவது வைரம், வெளிப்பக்கம் இருந்தால் புல். உள்ளே இருந்தால் மரம். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல், வேம்பும் தேக்கும் மரம். வெளியே கெட்டியாக, உள்ளே சோறாக இருப்பவர்களையும், மேலே தொட்டால் சாதாரணமாக, உள்ளே கத்தி இறங்காதவர்களையும் நாம் தினம் பார்க்கிறோம். இந்தப் பாகுபாட்டை ஆள்களுக்குப் போட்டுப் பார்க்க எனக்கு எப்போதும் பிடிக்கும். அலுவலகக் கூட்டங்களில் நேரம் போகாதபோது நான் செய்யும் வேலை இது.

வைரம் எங்குமே ஏறாதவற்றைத்தான் வசவுக்கு எடுத்துக்கொண்டோம். முருங்கை பருத்தால் தூணாகுமா என்பது பழமொழி. ஆகாது. கட்டை மெத்தென்றிருக்கும், கிளையில் ஏறினால் முறியும். எங்கள் ஊரில் முருங்கையில் ஏறி விழாத பையன் குறைவு. வாழைக்கு மரம் என்ற பெயரே ஒரு மரியாதைதான். அடிமரம் போலத் தெரிவது முழுக்க ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்ட மட்டைகள். உரித்துக்கொண்டே போனால் நடுவில் பொரியலுக்கான தண்டு வரும், அவ்வளவுதான். ஆகவே வாழைமட்டை என்றால் உள்ளே ஒன்றும் இல்லாதவன். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒன்றுமில்லாத மட்டைச் சுருள்தான் ஆள் தூக்கத் திணறும் தாரைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

வள்ளுவர் இந்த விஷயத்தில் கறாரானவர். ஊக்கமுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறள், எண் 600: "உரமொருவற்கு உள்ள வெறுக்கைஅஃ தில்லார் மரம்மக்க ளாதலே வேறு." மனத்தின் ஊக்கம்தான் ஒருவனுக்கு வலிமை, அது இல்லாதவர்கள் மரங்கள், மனித உருவம் இருப்பது ஒன்றுதான் வித்தியாசம். மரத்தின் சார்பில் எனக்கு இதில் வழக்கு உண்டு. கோபுர இடுக்கில் ஒரு அரசங்கன்று முளைத்து என்ன செய்யும் என்று வள்ளுவர் பார்க்காமலா இருந்திருப்பார்? ஆனால் அதே அதிகாரத்தில் யானையை அவர் கையாளும் விதம் அழகு. 597-இல் உடம்பெல்லாம் அம்பு தைத்தும் தன் பெருமை குலையாமல் நிற்கும் களிறு வருகிறது. ஒரு குறள் தள்ளி, 599-இல், பருத்த உடலும் கூரிய கொம்பும் இருந்தும் புலி பாய்ந்தால் வெருளும் யானை. ஒரே பிராணி, ஒரே அதிகாரம், இரண்டு குணம். யானை என்றால் இப்படித்தான் என்று அவர் முத்திரை குத்தவில்லை. எதிரே என்ன வந்தது, அப்போது அது என்ன செய்தது என்று பார்க்கிறார். எங்கள் வீட்டுக் கூடத்தில் யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

மாட்டுக்காரர் வந்த காலை

இப்படி யோசித்துக்கொண்டு இருந்த நாட்களில்தான், தாம்பரத்தைத் தாண்டி நான் குடியிருக்கும் தெருவுக்குப் பூம்பூம் மாட்டுக்காரர் ஒருவர் வந்தார். ஊரில் பார்த்ததோடு சரி, சென்னைப் பக்கம் இவர்கள் வருவார்கள் என்றே நினைக்கவில்லை. முதுகில் வண்ணத் துணிகள் தைத்த போர்வை, கழுத்தில் சலங்கை, கொம்பில் குப்பி. அவர் தோளில் உறுமி. அதன் ஒரு பக்கத்தில் வளைந்த குச்சியை வைத்துத் தேய்த்தால் வருமே, அந்த முனகல் சத்தம்தான் 'பூம் பூம்'. பெருமாள் மாட்டுக்காரர் என்றும் சொல்வார்கள். வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள். ஆந்திரப் பக்கம் சங்கராந்திக்கு வீடு வீடாக வரும் கங்கிரெத்துக்காரர்களும் இதே தொழில்தான். இங்கே ஆதியன் என்ற பெயரில் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். அந்தச் சான்றிதழைக் கையில் வாங்க அவர்கள் படும் பாடு தனிக்கதை.

எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு வந்ததும் அவர் மாட்டிடம் கேட்டார். "இந்த வீட்டுக்கு நல்ல காலம் பொறக்குமா?" மாடு மேலும் கீழும் தலையாட்டியது. "அம்மா மனசுல நெனச்சது நடக்குமா?" மறுபடியும் ஆமாம். எல்லோரும் எதிர்பார்த்ததுதான். அடுத்து, "இந்த வீட்டுக்குக் கெட்ட காலம் அண்டுமா?" என்றார். மாடு தலையை இடமும் வலமுமாக ஆட்டியது. எனக்கு அது புதிது. பூம்பூம் மாடு என்றால் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவது என்றுதான் நாம் பேசுகிறோம். அதற்கு 'இல்லை'யும் தெரியும். எப்போது சொல்ல வேண்டும் என்பது மட்டும் அதன் கையில் இல்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். மூக்கணாங்கயிற்றின் நுனி அவருடைய இடது கை விரல்களில் இருந்தது. எப்படிப் பழக்குகிறீர்கள் என்று கேட்டேன். "சின்னதுலேர்ந்து பழக்கணும் சார். இப்படிச் சுண்டுனா ஆமா, அப்படிச் சுண்டுனா இல்ல. அப்புறம் அதுவே சத்தத்த வச்சுப் புரிஞ்சுக்கும்" என்றார். சொல்லிவிட்டு, எதிர்வீட்டு அம்மா கொடுத்த பழைய புடவையைக் கிழிசல் எங்கே என்று பிரித்துப் பார்த்து மடித்து வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் "தெருவுல மாட்டைக் கொண்டாந்து நிறுத்தாதய்யா" என்று அதட்டினார். அவரும் "சரிங்க, சரிங்க" என்று தலையை ஆட்டிக்கொண்டே நகர்ந்தார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. நாம் வசவுக்கு எடுத்துக்கொள்ளும் பிராணிகளில் பல, பிறவியிலேயே அப்படி இருப்பவை அல்ல. யாரோ அப்படி ஆக்கியவை. செக்குமாட்டுக்குக் கண்ணைக் கட்டியது செக்குக்காரர். பெட்டிப் பாம்பாய் அடங்கிவிட்டான் என்கிறோமே, அந்தப் பாம்பைப் பெட்டிக்குள் வைத்ததும் பல்லைப் பிடுங்கியதும் ஒரு மனிதர். மகுடியின் இசைக்கு அது மயங்குவதும் இல்லை, முகத்துக்கு எதிரே ஆடும் மகுடியைப் பார்த்து ஆடுகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு பாம்பாட்டுவது குற்றமாகிவிட்டது, உவமை மட்டும் தங்கிவிட்டது. இந்தச் சொற்கள் எல்லாவற்றிலும் பிராணி தெரிகிறது, கயிறு பிடித்த கை தெரிவதில்லை.

சின்ன மாமாவின் கயிறு எது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். படிப்புக்குப் பணம் கட்டியது பெரிய மாமா. வேலை வாங்கிக் கொடுத்தது பெரிய மாமாவின் சிநேகிதர். ஒரு கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டதும் அவரே, பிறகு அந்தக் கடனின் பாதியைக் கட்டியதும் அவரே. பெரிய மாமா ஒரு நாளும் இதைச் சொல்லிக்காட்டியதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லிக்காட்ட வேண்டிய தேவை வரவில்லை, அவ்வளவுதான். "வீட்டை நானே வச்சுக்கலாம்னு பார்க்கிறேன், என்னடா?" என்று அவர் கேட்டபோது, நாற்பது வருஷக் கணக்கும் அந்த "என்னடா"வில் இருந்தது. மாமா தலையாட்டினார்.

யார் வளைந்தால் என்ன பெயர்

இதற்காக மாமா செய்தது சரி என்று நான் வாதாட மாட்டேன். அவருக்கு ஒரு மனைவி, படிப்பு முடித்த ஒரு மகள். அந்தப் பங்கு வந்திருந்தால் அவர்கள் வாடகை வீட்டிலிருந்து வெளியே வந்திருக்கலாம். சின்ன அத்தையிடம் இதைப் பேசப் போய், "அவருக்கு மாட்டேன்னு சொல்ல வராது, சரி. எனக்கு நல்லா வரும். என்னை யாரு கேட்டா?" என்றார். சட்டப்படி அத்தையைக் கேட்க வேண்டியதில்லை என்பது எனக்கும் தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை.

அன்றைக்குப் பதிவு அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் எழுதியது மாமா மட்டுமா? அம்மாவும் எழுதினார், சித்தியும் எழுதினார். பெண்களுக்கும் குடும்பச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இல் சட்டம் திருத்தினார்கள், 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. தாத்தா சுயமாகச் சம்பாதித்துக் கட்டி, உயில் எழுதாமல் போன இந்த வீட்டில் அதற்கும் முன்பிருந்தே அவர்களுக்குச் சம பங்கு உண்டு. "பொறந்த வீட்டுல போய்ப் பங்கு கேட்டு நிக்கிறதா?" என்று இருவரும் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அவர்களை யாரும் பிள்ளைப்பூச்சி என்று சொல்லவில்லை. "தங்கமான மனசு" என்றார்கள். பெரிய மாமா இருவருக்கும் பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தார். ஒரே காகிதம், ஒரே மேஜை. தம்பி விட்டால் வாழைமட்டை, தங்கை விட்டால் தங்கம்.

பெண்ணுக்கு என்று வந்துவிட்டால் இந்தச் சொற்களுக்கு வேறு விலை. "பொண்ணு பசு மாதிரி", "வாயில்லாப் பூச்சி" என்பவை கல்யாணச் சந்தையில் நற்சான்றிதழ்கள். மாப்பிள்ளையைப் பற்றி அதே சொல்லைச் சொன்னால் பெண் வீட்டார் எழுந்து போய்விடுவார்கள். கொடி என்றால் பெண், கொழுகொம்பு என்றால் ஆண், இதையும் பாட்டு பாட்டாகப் பாடியாயிற்று. சாய்வது அவளுக்கு அழகு, அவனுக்கு அவமானம்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு, எனக்கு உண்மையான எரிச்சல் அதன் மேல்தான். அன்று நடுவராக உட்கார்ந்தவர் சின்னத்தாத்தா. அரசாங்க உத்தியோகத்தில் பெரிய பதவி பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டு மனைக்கு இன்றைக்கு என்ன விலை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அவர் ஒரு வார்த்தை சொன்னால் பெரிய மாமா தட்ட மாட்டார். அவருக்கு யாரிடமும் கடன் இல்லை, மூக்கில் கயிறு இல்லை. அவர் என்ன சொன்னார்? "எல்லாரும் யோசிச்சுச் செய்யுங்க. அண்ணன் தம்பி ஒத்துமைதான் முக்கியம். சட்டம் ஒண்ணு சொல்லும், மனசு ஒண்ணு சொல்லும்." வெண்டைக்காயை நறுக்கிய கை மாதிரி இருந்தது அந்தப் பேச்சு. மதில்மேல் பூனையாவது ஒரு கட்டத்தில் ஏதோ ஒரு பக்கம் குதிக்கும், இவர் அங்கேயே உட்கார்ந்து சாப்பாட்டையும் முடித்துக்கொண்டார். அவர் கிளம்பிப் போன பிறகு அதே கூடத்தில், அதே வாய்கள் என்ன சொல்லின தெரியுமா? "பெரிய மனுஷன். நெளிவுசுளிவு தெரிஞ்சவர். நாணல் மாதிரி வளைஞ்சு கொடுத்துப் போறார் பாருங்க."

நாணல் என்றால் எனக்கும் மரியாதைதான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் வரிசையாகச் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு நிமிர்ந்து நிற்பதன் விலை தெரியும். ஆனால் நாணல் வளைவது வெள்ளம் வரும்போது. கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த சின்னத்தாத்தாவின் மேல் எந்த வெள்ளம் வந்தது? வெள்ளம் வந்தது சின்ன மாமாவின் மேல். நாணல் என்ற பெயரை அவருக்கல்லவா கொடுத்திருக்க வேண்டும்? இதை அம்மாவிடம் சொன்னேன். "நீ எல்லாத்துக்கும் ஒரு கணக்கு வச்சிருப்ப" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

போன மாதம் மாமா மகளுக்கு ஒரு வரன் வந்தது. தரகர் அத்தையின் எதிரிலேயே மாப்பிள்ளை வீட்டாருக்கு போன் போட்டு, "பொண்ணு ரொம்ப அடக்கம்ங்க, அப்பா மாதிரியே, வாயில்லாப் பூச்சி" என்று அளந்திருக்கிறார். அத்தை அந்த போனைக் கேட்டு வாங்கி, "இல்லைங்க, அவ என்னை மாதிரி. நல்லா வாய் பேசுவா, சம்பளமும் அவளே வச்சுக்குவா. அதையும் சேர்த்து எழுதிக்குங்க" என்றாராம். தரகருக்கு ஏகக் கோபம். அந்த ஜாதகம் திரும்பி வந்துவிட்டது. இப்போது கும்பகோணத்துப் பக்கம் ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இந்தத் தடவை தரகர் வேறு.